305-க்குள் ஒரு 302: முதல் கமாரோ இசட்/28-க்கு எஞ்சின் தேர்ந்த கதை

செவ்ரோலேயின் 327 எஞ்சின் பிளாக்கை (சிலிண்டர்கள் உள்ள உடல்) எடுத்து, அதற்குள் 283 எஞ்சினின் கிராங்கை (பிஸ்டன் ஓட்டத்தைச் சுழற்சியாக்கும் தண்டு) வைத்தால் 302 கன அங்குலக் கொள்ளளவு வரும். 327, 283 என்பவையும் கன அங்குலக் கணக்கே. 1966-இன் இறுதியில் செவ்ரோலே செய்தது சுருக்கமாக இவ்வளவுதான். புதிய எஞ்சின் குடும்பம் எதையும் வடிவமைக்கவில்லை. ஏற்கெனவே லட்சக்கணக்கில் ஓடிக்கொண்டிருந்த இரண்டு எஞ்சின்களிலிருந்து ஆளுக்குப் பாதி எடுத்துக்கொண்டார்கள். அந்த எஞ்சினோடு ஓடிய செவ்ரோலேயின் கமாரோ கார் 1968 டிரான்ஸ்-ஆம் பந்தயத் தொடரில் 13 பந்தயங்களில் 10-ஐ வென்றது.

அதே ஆண்டு, அதே தடங்களில், அதே 302 கன அங்குலத்தில் ஃபோர்டு ஒரு எஞ்சினைக் கொண்டுவந்தது. காற்று உள்ளே போகும் வழியை மட்டும் பார்த்தால் செவ்ரோலேயைவிடப் பெரியது. அது பந்தயத்துக்குப் பந்தயம் உடைந்துகொண்டிருந்தது. இத்தனைக்கும் இரண்டு எஞ்சின்களின் சிலிண்டர் விட்டமும், ஸ்ட்ரோக் எனப்படும் பிஸ்டன் மேலும் கீழும் போகும் தூரமும் இம்மி பிசகாமல் ஒன்று: 4.00 அங்குலம், 3.00 அங்குலம்.

பழைய அமெரிக்க வண்டிக்கு எஞ்சின் தேடுகிறவர்கள் முதலில் கேட்பது "எத்தனை எச்பி?" என்றுதான். அந்தக் கேள்விக்கு முன்னால் கேட்க வேண்டியவை சில உண்டு. அவற்றை இவ்வளவு தெளிவாகக் காட்டுகிற இன்னொரு நிகழ்வு எனக்குத் தெரியாது. அதனால்தான் இதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

விதி முதலில், எஞ்சின் அப்புறம்

1964 ஏப்ரலில் ஃபோர்டு மஸ்டாங் வந்தது. முதல் பன்னிரண்டு மாதங்களிலேயே நான்கு லட்சத்துக்கு மேல் விற்றது. செவ்ரோலேயின் தாய் நிறுவனமான ஜெனரல் மோட்டார்ஸிடம் அதற்குப் பதில் சொல்ல வண்டி இல்லை. பதிலாகக் கமாரோ கடைக்கு வந்தபோது 1966 செப்டம்பர் கடைசி ஆகிவிட்டது. இரண்டரை ஆண்டு தாமதம்.

அந்த இடைவெளியில் இன்னொன்றும் நடந்தது. எஸ்சிசிஏ என்கிற அமெரிக்க மோட்டார் விளையாட்டு அமைப்பு, 1966 மார்ச்சில் செப்ரிங்கில் டிரான்ஸ்-ஆம் என்ற புதிய பந்தயத் தொடரைத் தொடங்கியது. நான்கு பேர் உட்காரும் சாதாரண கார்களுக்கான தொடர் அது. சிறிய வண்டிகள் 2 லிட்டருக்குள். பெரியவை 5 லிட்டருக்குள், அதாவது 305 கன அங்குலத்துக்குள். முதல் ஆண்டின் பெரிய பிரிவுப் பட்டத்தை ஃபோர்டு எடுத்துக்கொண்டது. ஞாயிற்றுக்கிழமை தடத்தில் மஸ்டாங் ஜெயித்தால் திங்கட்கிழமை ஷோரூமில் மஸ்டாங் விற்கும் என்று அந்தத் தொழிலில் இருந்த எல்லோரும் நம்பிய காலம்.

செவ்ரோலேயின் கை கட்டப்பட்டிருந்தது. நிறுவனம் நேரடியாகப் பந்தயத்தில் இறங்கக் கூடாது என்று ஜெனரல் மோட்டார்ஸ் தலைமை 1963-இலேயே உத்தரவு போட்டிருந்தது. பந்தயத்துக்கு என்று ஒரு எஞ்சினைத் தனியே செய்ய முடியாது. எதைச் செய்தாலும் அது கடையில் யாரும் பணம் கொடுத்து வாங்கக்கூடிய காரில் இருந்தாக வேண்டும்.

இந்தச் சந்துக்குள் வழி கண்டவர் வின்ஸ் பிக்கின்ஸ். செவ்ரோலேயில் தயாரிப்பு விளம்பரப் பிரிவைக் கவனித்துவந்த பொறியாளர். 1950-களில் ஹட்சன் நிறுவனத்தில் இருந்தபோது, அதன் ஹார்னெட் கார்களை ஸ்டாக் கார் பந்தயங்களில் ஜெயிக்கவைத்த அனுபவம் அவருக்கு இருந்தது. பந்தய விதியைப் படித்து, அதற்குள் அடங்கும் ஒரு கமாரோவைச் சாதாரண விலைப்பட்டியலிலேயே சேர்த்துவிடலாம் என்று மேலிடத்துக்கு எழுதினார். தடை உத்தரவு மீறப்படவில்லை. விற்பனைக்கு ஒரு ஆப்ஷன் கூடுதலாக வருகிறது, அவ்வளவுதான்.

இங்கே கொஞ்சம் நிற்க வேண்டும். பிக்கின்ஸின் கையில் எஞ்சினின் பெயர் முதலில் வரவில்லை. 305 என்ற உச்சவரம்புதான் முதலில் வந்தது. அதிலிருந்து பின்னோக்கி வந்தார்கள்.

அலமாரியில் என்னென்ன இருந்தது

1967 கமாரோவின் முன்பகுதியில் செவ்ரோலே ஆறு சிலிண்டரும் வைத்தது, வி8-உம் வைத்தது. வி8-இலேயே இரண்டு குடும்பங்கள். 1955-இல் எட் கோல் தலைமையில் 265 கன அங்குலமாகப் பிறந்த சிறிய பிளாக் ஒன்று. 1965-இல் 396-ஆக வந்த பெரிய பிளாக் இன்னொன்று.

396-ஐ முதலிலேயே தள்ளிவிடலாம். விதிக்கு அப்பால் 91 கன அங்குலம் கூடுதல். அது மட்டுமா, சிறிய பிளாக்கைவிட ஏறத்தாழ 50 கிலோ கூடுதல் எடை, அத்தனையும் முன்சக்கரங்களின் தலையில். நேர்கோட்டில் கால் மைல் ஓடுகிறவர்களுக்கு அது பரவாயில்லை. வளைவுக்கு வளைவு பிரேக் பிடித்துத் திரும்ப வேண்டிய தடத்தில், அந்த 50 கிலோ ஒவ்வொரு வளைவிலும் கணக்குக் கேட்கும்.

சிறிய பிளாக்கில் 350 புதிதாக வந்திருந்தது. கமாரோவில்தான் முதலில் அறிமுகம். 4.00 அங்குல விட்டம், 3.48 அங்குல ஸ்ட்ரோக், 295 குதிரைத்திறன். நல்ல எஞ்சின். ஆனால் 305-க்குள் வராது. 327-உம் வராது. மிஞ்சியது 283.

283 விதிக்குள் வசதியாக அடங்கும். பிக்கின்ஸின் முதல் மாதிரி வண்டியிலும் 283-தான் இருந்தது. ஆனால் 305 வரை போகலாம் என்று அனுமதி கொடுத்த இடத்தில் 283-ஓடு நின்றால் 22 கன அங்குலம் சும்மா விடுகிறோம். ஏழு சதவீதம். மற்றவன் அதை விடமாட்டான்.

இன்னும் நுட்பமான காரணம் ஒன்று இருக்கிறது. 283-இன் சிலிண்டர் விட்டம் 3.875 அங்குலம். பட்டறைக்காரர்கள் போர் என்று சொல்கிற இந்த விட்டம்தான், அதன் தலைக்கு மேலே எவ்வளவு பெரிய வால்வு வைக்கலாம் என்பதை முடிவு செய்கிறது. செவ்ரோலேயின் கைவசமிருந்த நல்ல ஹெட்டில் (சிலிண்டர்களுக்கு மேலே வால்வுகளைத் தாங்கும் மூடி) இன்டேக் வால்வு 2.02 அங்குலம், எக்ஸாஸ்ட் 1.60. இரண்டையும் 3.875-க்குள் நெருக்கினால் வால்வின் ஓரம் சிலிண்டர் சுவரை ஒட்டிக்கொள்ளும். வால்வு திறந்திருக்கும், ஆனால் அந்தப் பக்கமாகக் காற்று புக முடியாது. கதவைத் திறந்துவைத்து வாசலில் பீரோவை வைத்த மாதிரி. விட்டம் 4.00 ஆனால் அந்த வால்வுகள் மூச்சு விடும்.

327-இன் விட்டம் 4.00. அதன் ஸ்ட்ரோக் 3.25. 283-இன் ஸ்ட்ரோக் 3.00. அந்தக் காலத்து 283-க்கும் 327-க்கும் கிராங்கின் மெயின் பேரிங் அளவு ஒன்றே: 2.30 அங்குலம். அதனால் ஒன்றின் கிராங்க் மற்றதன் பிளாக்கில் அப்படியே உட்காரும். நான்கின் வர்க்கம், அதைப் பை (π) என்ற எண்ணால் பெருக்கி நான்கால் வகுத்து, மூன்றால் பெருக்கி, எட்டு சிலிண்டருக்கு எட்டால் பெருக்கினால் 301.6. முழுமையாக்கினால் 302. லிட்டரில் 4.94. விதிக்கும் இதற்கும் இடையே ஒரு சதவீதம்தான் இடைவெளி.

இந்தக் கணக்கு தெருவில் ஏற்கெனவே இருந்தது. வண்டியை வேகத்துக்காக மாற்றிக் கட்டும் அமெரிக்க ஹாட்-ராட் பையன்கள் 1950-களின் கடைசியிலிருந்தே 283 பிளாக்கின் சிலிண்டர்களை எட்டில் ஒரு அங்குலம் கடைந்து (ரீபோர்) அகலப்படுத்தி நான்கு அங்குலமாக்கி, அதை 301 என்று அழைத்து ஓட்டிக்கொண்டிருந்தார்கள். சுவர் மெலிந்து சூடேறும் பிளாக்குகளும் அதில் உண்டு. செவ்ரோலே அதையே தொழிற்சாலையில், விட்டம் பிறவியிலேயே நான்கு அங்குலமாக உள்ள பிளாக்கில் செய்தது. தெருவில் பல ஆண்டு சோதித்த யோசனையை எடுத்துக்கொள்ள அந்தப் பொறியாளர்கள் கூச்சப்படவில்லை. எனக்கு அவர்களைப் பிடிப்பதற்கு இதுவே பெரிய காரணம்.

செவ்ரோலேயின் தலைவராக அப்போது இருந்தவர் பீட் எஸ்டஸ். அவரும் பொறியாளர். 283 பொருத்திய மாதிரி வண்டியை ஓட்டிப் பார்த்தபோது, இதே வண்டியில் 327 பிளாக்கும் 283 கிராங்கும் சேர்த்து 302 வைத்தால் என்ன என்று பிக்கின்ஸ் கேட்டார். எஸ்டஸுக்கு நீண்ட விளக்கம் தேவைப்படவில்லை. நவம்பர் இறுதியில் கலிஃபோர்னியாவின் ரிவர்சைடு தடத்தில் வண்டி பத்திரிகையாளர்கள் முன் நின்றது. ஆப்ஷன் பட்டியலில் அதற்குக் கிடைத்த குறியீட்டு எண் இசட்28. அதுவே பெயராகவும் தங்கிவிட்டது.

உள்ளே என்ன வைத்தார்கள்

கிராங்க் ஃபோர்ஜ் செய்த எஃகு. கனெக்டிங் ராட் சிறிய பிளாக்குக்கே உரிய 5.7 அங்குலம். ஸ்ட்ரோக் குறைந்ததால் பிஸ்டன் மேலே எட்டாது. அதனால் பிஸ்டன் மட்டும் புதிது, தலையில் மேடு வைத்து 11-க்கு 1 என்ற அமுக்க விகிதம். ஹெட்டும், வால்வுகளைத் திறந்து மூடும் கேமும் செவ்ரோலேயின் ஸ்போர்ட்ஸ் காரான கார்வெட்டின் அலமாரியிலிருந்து வந்தவை. கேம் ஷாஃப்ட் 1964 கார்வெட்டின் உயர்திறன் 327-இல் ஓடிய அதே கேம்.

அந்தக் கேமை அமெரிக்க மெக்கானிக்குகள் 30-30 என்பார்கள். இன்டேக்குக்கும் எக்ஸாஸ்ட்டுக்கும் டேப்பட் இடைவெளி 0.030 அங்குலம் என்பதால் வந்த பெயர். மில்லிமீட்டரில் 0.76. நம்மூர்க் கார்களுக்கு வழக்கமாக வைக்கிற இடைவெளியைப் போல இரண்டு மடங்குக்கும் மேல். எஞ்சின் நன்றாகச் சூடேறியபின் வால்வு கவரைக் கழற்றுவார்கள். ராக்கர் ஆர்ம் ஒவ்வொன்றும் நடுவில் ஒரு ஸ்டட்டில் உட்கார்ந்து ஆடும். அதற்கும் வால்வு தண்டுக்கும் நடுவே ஃபீலர் கேஜ் தகட்டை நுழைத்து, ஸ்டட் தலையிலுள்ள நட்டைத் திருக வேண்டும். தகடு லேசான பிடிமானத்தோடு வழுக்கிவர வேண்டும். இழுத்தால் இறுகக் கூடாது, தொங்கவும் கூடாது. பதினாறு வால்வுக்கும் இதைச் செய்ய வேண்டும், கொஞ்ச காலம் கழித்து மறுபடியும். இந்த இடைவெளியை எண்ணெய் அழுத்தத்தால் தானே சரிசெய்துகொள்ளும் ஹைட்ராலிக் லிஃப்டர் வைத்த சாதாரண வண்டிக்காரர் இந்த வேலையைப் பார்த்தே இருக்கமாட்டார். இந்த எஞ்சினோ நின்ற இடத்தில் ஓடும்போதே தையல் மெஷின் மாதிரி டக்டக்கென்று அடிக்கும். அது கோளாறு இல்லை. நிமிடத்துக்கு 7,000 சுற்றில் ஹைட்ராலிக் லிஃப்டர் எண்ணெயை ஏற்றிக்கொண்டு வால்வை மூடவிடாமல் செய்துவிடும். திடமான லிஃப்டர் அப்படிச் செய்யாது. அந்தச் சத்தம் அதற்குக் கொடுக்கும் விலை.

ஸ்ட்ரோக் குறைந்ததன் பலன் இந்த 7,000 சுற்றில்தான் தெரியும். 350-இன் பிஸ்டன் அந்தச் சுற்றில் நொடிக்குச் சராசரியாக 20.6 மீட்டர் ஓடுகிறது. 302-இன் பிஸ்டன் 17.8 மீட்டர். ஒவ்வொரு முறையும் மேலே போய் நின்று திரும்பும்போது கனெக்டிங் ராடை இழுக்கிற விசையும் ஸ்ட்ரோக்கோடு சேர்ந்து ஏறும், சுற்று கூடினால் அதன் வர்க்கமாக ஏறும். மூன்று மணி நேரம் ஓடுகிற பந்தயத்தில் போல்ட் ஒன்று விட்டுக்கொடுக்காமல் இருப்பதற்கு அந்த மூன்று மீட்டர் போதும்.

மேலே 800 சிஎஃப்எம் (நிமிடத்துக்கு இத்தனை கன அடி காற்று) என்று அறிவிக்கப்பட்ட ஒரே ஒரு ஹோலி கார்புரேட்டர், நான்கு வாய். இதைப் பெரிதென்று சொன்னவர்கள் உண்டு. கணக்கு இப்படி: எஞ்சின் இரண்டு சுற்றுக்கு ஒருமுறை தன் முழு அளவைக் குடிக்கிறது. 302-ஐ 7,000-ஆல் பெருக்கி, இரண்டால் வகுத்து, ஒரு கன அடிக்குள்ள 1,728-ஆல் வகுத்தால் நிமிடத்துக்கு 612 கன அடி. 2,500 சுற்றில் 220-கூட வராது. பின்பக்க இரண்டு வாய்கள் எஞ்சின் இழுக்கும்போது மட்டுமே திறப்பதால் சமாளித்தது. ஆனாலும் வண்டி கீழ்ச் சுற்றில் சோம்பல்தான்.

இனி விலைப்பட்டியல். ஆப்ஷன் கூடுதல் விலை 358 டாலர். நான்கு கியர் நெருக்க விகித மேனுவல் கட்டாயம். முன்சக்கரத்துக்கு பவர் டிஸ்க் பிரேக் கட்டாயம். ஆட்டோமேட்டிக் கேட்டால் கிடையாது. ஏசி கேட்டாலும் கிடையாது. அறிவித்த சக்தி 5,800 சுற்றில் 290 குதிரைத்திறன். உண்மையில் அதைவிட நன்றாகவே கூடுதல் என்பது அன்றைக்கே எல்லோருக்கும் தெரிந்த ரகசியம். 1967 மாடலில் 602 வண்டிதான் விற்றது.

இரண்டு 302-கள்

முதல் பருவம் எளிதாக இல்லை. 1967 தொடரில் கமாரோவின் முதல் வெற்றி ஆகஸ்ட்டில், மேரிலாந்தின் மார்ல்பரோ தடத்தில்தான் வந்தது. ஓட்டியவர் மார்க் டோனஹ்யூ. வண்டி ராஜர் பென்ஸ்கி அணியின் நீலக் கமாரோ. டோனஹ்யூ பிரவுன் பல்கலைக்கழகத்தில் இயந்திரப் பொறியியல் படித்தவர். பருவத்தின் கடைசி இரண்டு பந்தயங்களையும், லாஸ் வேகஸிலும் கென்ட்டிலும், அவரே வென்றார். பட்டம் மஸ்டாங்குக்கு, இரண்டு புள்ளி வித்தியாசத்தில் மெர்க்குரி கூகர் இரண்டாவது, கமாரோ மூன்றாவது. அந்த ஆண்டு மஸ்டாங் ஓட்டியது 289 எஞ்சின்.

இப்போது ஃபோர்டின் பக்கம். 289-இன் விட்டம் ஏற்கெனவே 4.00 அங்குலம், ஸ்ட்ரோக் 2.87. ஃபோர்டு 1968-க்கு ஸ்ட்ரோக்கை 3.00 ஆக்கியது. அதுவும் 302 ஆனது. செவ்ரோலே விட்டத்தை அகட்டி வந்து சேர்ந்த அதே இடத்துக்கு ஃபோர்டு ஸ்ட்ரோக்கை நீட்டி வந்து சேர்ந்தது. இதுவரை இரண்டு பேரும் சமம்.

ஹெட்டில் பிரிந்தார்கள். ஃபோர்டிடம் 427 கன அங்குல எஞ்சினுக்கு டனல்-போர்ட் என்ற ஹெட் இருந்தது. வி8-இல் காற்று உள்ளே வரும் பாதையும், கேமிலிருந்து ராக்கருக்குப் போகும் புஷ் ராடும் ஒரே இடத்துக்குச் சண்டை போடும். வழக்கமாக, பாதையைப் புஷ் ராடுக்காகக் கொஞ்சம் ஒடுக்கி வளைப்பார்கள். ஃபோர்டு வளைக்க மறுத்தது. பாதையை நேராக, அகலமாக விட்டு, அதன் நடுவிலேயே ஒரு குழாயைக் குத்தி, புஷ் ராடை அந்தக் குழாய்க்குள் அனுப்பியது. இன்டேக் மேனிஃபோல்டைக் கழற்றிவிட்டு அந்த ஹெட்டைப் பார்த்தால், சுரங்கப் பாதையின் நடுவே ஒரு தூண் நிற்கிற மாதிரி இருக்கும். துணிச்சலான யோசனை, அதில் சந்தேகமில்லை. 427-இல் அது வேலையும் செய்தது.

302-இல் அதே யோசனை காலை வாரியது. சிலிண்டர் சிறிது, பாதையோ மிகப் பெரிது. அகல ஆற்றில் தண்ணீர் மெதுவாகப் போவது மாதிரி, கீழ்ச் சுற்றிலும் நடுச் சுற்றிலும் காற்றின் வேகம் விழுந்துவிட்டது. வேகம் விழுந்தால் சிலிண்டர் சரியாக நிரம்பாது, பெட்ரோலும் நன்றாகக் கலக்காது. வளைவிலிருந்து வெளியே வரும்போது இழுவை இல்லை. ஈடுகட்ட ஓட்டுநர் எஞ்சினை 8,000-க்கும் மேலே விரட்டியாக வேண்டும். மேலே மூச்சு தாராளம். கீழே இருந்த பிளாக்கும் எண்ணெய் ஓட்டமும் அந்தச் சுற்றை நெடுநேரம் தாங்கவில்லை. ஷெல்பி அணியின் மஸ்டாங்குகள் பந்தயத்தின் பாதியில் புகைவிட்டு ஓரம் கட்டின. 13 பந்தயங்களில் மஸ்டாங்குக்கு 3. மற்ற பத்தும் டோனஹ்யூவுக்கு, அவற்றில் எட்டு அடுத்தடுத்து.

இந்த இடத்தில் என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். செவ்ரோலே எஞ்சினில் எந்த ஒரு பாகமும் தனித்து நின்று வியக்கவைக்காது. கிராங்க் அடக்கமானது. ஹெட் சில ஆண்டுப் பழக்கம். கேம் நான்கு ஆண்டுப் பழக்கம். ஆனால் எல்லாப் பாகங்களும் ஒரே சுற்று வரம்பில் நன்றாக வேலை செய்தன. ஃபோர்டின் எஞ்சினில் ஹெட் ஒரு சுற்றைக் கேட்டது, அடிப்பாகம் வேறொரு சுற்றோடு நிறுத்திக்கொள்ளச் சொன்னது. வீட்டுக் கூடத்தில் எஞ்சின் கட்டுகிறவர்கள் இன்றைக்கும் செய்கிற தவறு இதுவே: ஹெட் ஒரு கடையில், கேம் இன்னொரு கடையில், ஒவ்வொன்றிலும் இருப்பதிலேயே பெரியது. ஒவ்வொன்றும் நல்ல சரக்கு. சேர்த்து மாட்டினால் 3,000 சுற்றுக்குக் கீழே வண்டி நகர மறுக்கும்.

ஃபோர்டு பாடம் படித்தது என்பதையும் சொல்லியாக வேண்டும். 1969-இல் பாஸ் 302 என்று வந்தது. விட்டமும் ஸ்ட்ரோக்கும் மாறவில்லை. டனல்-போர்ட்டை ஓரம் வைத்துவிட்டு, அப்போது உருவாகிக்கொண்டிருந்த 351 கிளீவ்லாண்டு எஞ்சினின் ஹெட்டைச் சிறிய பிளாக்குக்கு மாட்டினார்கள். அதில் வால்வுகள் சாய்ந்து நிற்கும். திறக்கத் திறக்கச் சிலிண்டர் சுவரை விட்டு விலகும். முதலில் வைத்த 2.23 அங்குல இன்டேக் வால்வைக்கூட 1970-இல் 2.19-ஆகக் குறைத்தார்கள். அறிவித்த சக்தி 5,800 சுற்றில் 290 குதிரைத்திறன். செவ்ரோலேயின் எண்ணை அப்படியே எழுதினார்கள். 1969-இலும் கமாரோவே பட்டம் வென்றது, 12 பந்தயங்களில் 8. மீதி 4 மஸ்டாங். 1970-இல் பார்னெல்லி ஜோன்ஸும் ஜார்ஜ் ஃபால்மரும் ஓட்டிய பாஸ் 302 பட்டத்தை ஃபோர்டுக்கு மீட்டுக் கொடுத்தது. அந்த வெற்றி 302 கமாரோவுக்கு எதிராக வந்ததும் இல்லை. ஏனென்று கீழே சொல்கிறேன்.

தெருவுக்கு எது

பந்தயத்தில் இவ்வளவு சரியான எஞ்சின் தினசரி ஓட்டத்துக்குச் சரியா? இல்லை என்றுதான் சொல்வேன். அதே 1967 கமாரோவின் 350 எஞ்சினைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அறிவித்த சக்தி 295 குதிரைத்திறன், 302-க்கு 290. வித்தியாசம் ஐந்தே. இழுவையைப் பார்த்தால் 350-க்கு 3,200 சுற்றில் 380 பவுண்டு-அடி. 302-க்கு 4,200 சுற்றில் 290. சிக்னலில் நின்று கிளம்புகிறவருக்கு, மேடு ஏறுகிறவருக்கு, குடும்பத்தோடு போகிறவருக்கு 350-இன் பிக்அப் எங்கேயோ இருக்கும். இசட்/28-இன் முதல் கியர் விகிதம் 2.20. பின் ஆக்ஸில் 3.73. கிளட்சைக் கொஞ்சம் வறுத்துத்தான் கிளப்ப வேண்டும். 4,000-ஐத் தாண்டியதும் அந்த வண்டி வேறு பிறவி எடுக்கும். ஆனால் ஊருக்குள் 4,000-ஐ எத்தனை முறை தாண்டுவோம்?

ஆகவே இன்றைக்கு ஒருவர் முதல் தலைமுறைக் கமாரோ ஒன்றை எஞ்சின் இல்லாமலோ, தேய்ந்த ஆறு சிலிண்டரோடோ வாங்கியிருந்தால், 302 கட்டச் சொல்லி நான் பரிந்துரைக்க மாட்டேன். 383-ஐப் பார்க்கச் சொல்வேன். அது 302-இன் கண்ணாடிப் பிம்பம். 350 பிளாக்கை 0.030 அங்குலம் ரீபோர் செய்து, 1970-இல் வந்த 400 சிறிய பிளாக்கின் 3.75 அங்குல ஸ்ட்ரோக் கிராங்கை, மெயின் ஜர்னலைத் தேய்த்துச் சிறிதாக்கி, உள்ளே வைப்பது. 4.03 விட்டம், 3.75 ஸ்ட்ரோக், 383 கன அங்குலம். பிக்கின்ஸ் குட்டைக் கிராங்கை 327 பிளாக்கில் வைத்து மேல் சுற்றை வாங்கினார். இதில் நெட்டைக் கிராங்கை வைத்துக் கீழ்ச் சுற்றில் இழுவையை வாங்குகிறோம். குடும்பம் ஒன்றே, வித்தை ஒன்றே, தேவை நேர் எதிர். இப்போது இதற்கென்றே சரியான ஜர்னல் அளவில் கிராங்குகள் கிடைப்பதால் தேய்க்கும் வேலையும் மிச்சம்.

பணம் இருப்பவருக்கு ஜெனரல் மோட்டார்ஸின் நவீன வி8-ஆன எல்எஸ்3 உண்டு. 6.2 லிட்டர், அலுமினியப் பிளாக், பெட்டியில் வரும்போதே 430 குதிரைத்திறன். காலையில் சாவி போட்டதும் ஓடும், டேப்பட் வைக்கும் வேலை கிடையாது. அதற்குரிய பெட்ரோல் பம்ப், வயரிங், கணினி, எண்ணெய்த் தொட்டி என்று கூடவே ஒரு பட்டியல் வரும். எஞ்சின் விலையை மட்டும் பார்த்துவிட்டு இறங்கியவர்கள் பாதியில் திணறுவது இங்கேதான்.

ஒரே ஒரு சந்தர்ப்பத்தில் மட்டும் 302-ஐத் தவிர வேறு பேச்சே எடுக்கக் கூடாது. வண்டி உண்மையான இசட்/28-ஆக இருந்து, பிளாக்கின் முன்புறம் பதித்த எண்ணின் கடைசியில் 1969-க்கு டிஇசட், அதற்கு முந்தைய இரண்டு ஆண்டுகளுக்கு எம்ஓ என்ற எழுத்துகள் இருந்தால், அந்தப் பிளாக்கைப் பத்திரமாக வையுங்கள். ஓட்டுவதற்கு வேறு எஞ்சின் மாட்டிக்கொண்டாலும் சரி, பழையதைத் துணி சுற்றி, எண்ணெய் தடவி, கூடத்தின் மூலையில் வையுங்கள். அந்த முன்புறப் பட்டையை மில்லிங் போடவிடாதீர்கள். எண் ஒருமுறை அழிந்தால் திரும்ப வராது. மூன்று ஆண்டிலும் சேர்த்து விற்ற இசட்/28 சுமார் 28,000-தான்.

விதி மாறியதும்

1970-இல் விதி மாறியது. தடத்தில் ஓடும் எஞ்சின் 305-க்குள் இருந்தால் போதும், கடையில் விற்கும் வண்டியிலும் அதே அளவு இருக்க வேண்டியதில்லை என்றார்கள். அந்த நாளோடு 302-இன் தேவை தீர்ந்தது. 1970 இசட்/28-இல் எல்டி-1 என்ற 350 வந்தது: 360 குதிரைத்திறன், 380 பவுண்டு-அடி. முதன்முறையாக ஆட்டோமேட்டிக் கியரும் கிடைத்தது. பந்தய அணிகள் ஸ்ட்ரோக்கைக் குறைத்துத் தடத்துக்கு எடுத்துப்போயின. பென்ஸ்கியும் டோனஹ்யூவும் கமாரோவை விட்டுவிட்டு ஏஎம்சி ஜாவலினுக்குப் போய்விட்டார்கள்.

அமெரிக்காவில் வேறெந்தச் செவ்ரோலே மாடலுக்கும் 302 போகவில்லை. அது போய்ச் சேர்ந்த இன்னொரு இடம் தென்னாப்பிரிக்கா. 1970-களின் தொடக்கத்தில் அங்கே பாசில் வான் ரூயன் என்ற பந்தய ஓட்டுநர், செவ்ரோலே ஃபயரென்சா என்ற சிறிய காரின் முன்பகுதிக்குள் இந்த 302-ஐ இறக்கினார். பந்தய அனுமதிக்குக் குறைந்தபட்சம் எத்தனை வண்டி விற்க வேண்டும் என்று அங்கேயும் ஒரு விதி இருந்தது. நூறு. நூறு வண்டி கட்டினார்கள்.